குகையில் கிடக்கும் எலும்பு அக்காலத்துக் காலநிலையைச் சொல்கிறதா, வேட்டையாடியவரின் விருப்பத்தைச் சொல்கிறதா?

பனிக்காலம் கேட்டது:

பனிக்கால ஐரோப்பாவில் வாழ்ந்து மறைந்த நியாண்டர்தால் மனித இனத்தைப் பற்றிச் சில மாதங்களாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். தொல்லியல் என் துறை அன்று; ஆர்வம் மட்டுமே உண்டு. எவ்வளவு படித்தும் ஒரு முடிச்சு அவிழாமலே இருப்பதால், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளியலாம் என்று எழுதுகிறேன்.

பிரான்சின் தென்மேற்கில் டோர்டோன் பகுதியில் கோம்ப் கிரெனால் என்ற பாறைக்குகை இருக்கிறது. பிரெஞ்சுத் தொல்லியலாளர் பிரான்சுவா போர்ட் அங்கே அகழ்ந்தபோது, நியாண்டர்தால் மனிதர்களின் கற்கருவிகளும் விலங்கெலும்புகளும் நிறைந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட மண்ணடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிப்பட்டன. சில அடுக்குகளில் செம்மானின் எலும்புகள் மிகுதி. வேறு சிலவற்றில், குறிப்பாக மேற்பகுதியில் உள்ளவற்றில், ரெயின்டீர் எனப்படும் பனிமானின் எலும்புகள் மிகுதி. இதைக் கொண்டு நூல்கள் இரண்டு செய்திகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. செம்மான் மிகுந்த காலம் மிதமான வெப்பமும் மரங்களும் கொண்ட காலம், பனிமான் மிகுந்த காலம் கடுங்குளிரும் திறந்த புல்வெளியும் கொண்ட காலம் என்பது ஒன்று. அந்தந்தக் காலத்தில் நியாண்டர்தால் மனிதர்கள் அந்தந்த விலங்கை வேட்டையாடி வாழ்ந்தார்கள் என்பது மற்றொன்று.

என் ஐயங்களும் இரண்டு. குகை மனிதருக்கு மட்டும் உரிய இடம் அன்று. கழுதைப்புலியும் ஓநாயும் குகைக்கரடியும் அதே குகைகளில் மாறி மாறித் தங்கியிருக்கின்றன. அப்படியிருக்க, ஒரு மான் எலும்பைக் குகைக்குள் கொண்டுவந்தது மனிதன்தான் என்று எதை வைத்துத் துணிகிறார்கள்? அடுத்து, மனிதன்தான் கொண்டுவந்தான் என்றே வைத்துக்கொள்வோம். வேட்டைக்குப் போகிறவன் கண்ணில் பட்டதையெல்லாம் அடிப்பதில்லை, வேண்டியதைத் தேர்ந்தெடுக்கிறான். பனிமான் மிகுந்திருந்ததால் அவன் அதை அடித்தானா, அவன் அதையே விரும்பியதால் குகையில் அதன் எலும்பு மிகுந்ததா? பின்னது உண்மையானால் காலநிலை பற்றிய முடிவு ஆட்டம் காண்கிறது. முன்னது உண்மையானால் அவனுடைய தேர்வைப் பற்றிப் பேசுவதற்கு இடமே இல்லை. ஒரே சாட்சியை இரண்டு வழக்குகளுக்கும் எப்படி நிறுத்துகிறார்கள்?

மண்ணடுக்கு எழுதிய பதில்:

உங்கள் முதல் ஐயத்தைத்தான் தொல்விலங்கியலில் பயிற்சி பெறுகிற எவரும் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். ஓர் உயிர் இறந்தது முதல் அதன் எலும்பு அகழ்வாளரின் கைக்கு வருவது வரை அதற்கு என்னென்ன நேர்ந்தது என்பதை ஆராய்வதற்கென்றே டஃபோனமி என்ற துறை இருக்கிறது. ரஷ்யத் தொல்லுயிரியலாளர் இவான் எஃப்ரெமோவ் 1940இல் அதற்கு அந்தப் பெயரை இட்டார். எலும்பு எந்த விலங்கினுடையது என்று கேட்பதற்கு நிகராக, அதை யார் கொண்டுவந்தார், யார் உடைத்தார், யார் கடித்தார் என்று கேட்பதும் இங்கே கட்டாயம்.

பயிற்சிக் காலத்தில் எங்களிடம் மாட்டின் கால் எலும்பு ஒன்றையும் உருண்டைக் கல் ஒன்றையும் கொடுத்து, மஜ்ஜையை வெளியே எடுக்கச் சொன்னார்கள். முதல் அடியில் கல் வழுக்கிப் போயிற்று. எலும்பின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைச் சுரண்டி எடுக்காமல் அடித்தால் அடி பதியாது என்பது அப்போதுதான் புரிந்தது. சவ்வைக் கற்சில்லால் சுரண்டிவிட்டு, எலும்பை ஒரு தட்டைக் கல்லின்மேல் வைத்து நடுத்தண்டில் ஓங்கி அடித்தபோது, விரிசல் நேராக ஓடாமல் கொடி சுற்றுவதைப் போல எலும்பைச் சுற்றிச் சாய்வாக ஓடியது. அடி விழுந்த இடத்தில் பிறை வடிவில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அதன் எதிர்ப்பக்கத்தில், எலும்பு தட்டைக் கல்லில் உராய்ந்த இடத்தில், நுண்ணிய கீறல்கள் ஒரே திசையில் விழுந்திருந்தன. சவ்வைச் சுரண்டிய கோடுகளும் நீளவாக்கில் அப்படியே பதிந்திருந்தன. பிறகு, பல பத்தாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த ஒரு மான் எலும்புத் துண்டைப் பக்கத்தில் வைத்தார்கள். அதே பிறை, அதே சாய்ந்த விளிம்பு, அதே சுரண்டல் கோடுகள். என் கை செய்ததையே இன்னொரு கை செய்திருக்கிறது என்று அன்று உணர்ந்ததை இன்றுவரை மறக்க முடியவில்லை.

இந்தத் தடயங்களைத்தான் ஒவ்வொரு துண்டிலும் தேடுகிறோம். உயிரோடு இருந்த எலும்பு, ஈரப்பசையும் கொழுப்பும் காயாத நிலையில் உடைந்தால் விளிம்பு வழவழப்பாகவும் சாய்வாகவும் இருக்கும். காய்ந்து பல காலம் கழித்து மண்ணின் பாரத்தால் முறிந்தால் விளிம்பு சொரசொரப்பாகவும் ஏறத்தாழச் செங்குத்தாகவும் இருக்கும். கற்கருவியால் இறைச்சி அறுத்தபோது விழுந்த தடம் நுண்ணோக்கியில் ஆங்கில 'வி' எழுத்தைப் போன்ற கூர்மையான பள்ளமாகவும், அதனுள்ளே பள்ளத்தின் நீளத்துக்கு ஓடும் மெல்லிய இணைக்கோடுகளோடும் தெரியும். விலங்கின் பல் பதிந்த இடம் அகலமாகவும் அடிப்பகுதி உருண்டும் இருக்கும். குளம்புகள் மிதித்துத் தேய்த்த கீறல்கள் ஆழமின்றிப் பல திசைகளிலும் சிதறிக் கிடக்கும். இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு என்பதால், ஒற்றைத் தடத்தை வைத்து எவரும் முடிவு சொல்வதில்லை. தடம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் பார்க்கப்படும். கணுக்காலைச் சுற்றியிருந்தால் தோலுரித்தது, தாடையின் உட்புறத்தில் இருந்தால் நாக்கை அறுத்தெடுத்தது, தொடையெலும்பின் நடுத்தண்டில் இருந்தால் தசையைச் செதுக்கியது என்று உடற்கூற்றோடு பொருந்தி வர வேண்டும்.

கழுதைப்புலியின் பழக்கம் வேறு. கால் எலும்பின் இரு முனைகளிலும் கொழுப்பு நிறைந்த கடற்பஞ்சு போன்ற பகுதி இருக்கிறது. கழுதைப்புலி அதைத்தான் முதலில் அரைத்துத் தின்னும். எனவே அது விட்டுச்செல்வது பெரும்பாலும் முனைகள் இல்லாத குழாய்கள். அதன் வயிற்றுக்குள் போய் வந்த துண்டுகள் அமிலத்தால் அரிக்கப்பட்டு விளிம்புகள் மெலிந்து காணப்படும். அதன் புதைபடிவக் கழிவும் அருகிலேயே கிடக்கும். ஒரே எலும்பில் வெட்டுத்தடமும் பல்தடமும் ஒன்றை ஒன்று குறுக்கிடும் இடங்களும் உண்டு. பல்தடம் வெட்டுத்தடத்தின்மேல் ஏறியிருந்தால், மனிதர் தின்று எறிந்ததை விலங்கு பிறகு வந்து கடித்திருக்கிறது என்று பொருள்.

நீங்கள் குறிப்பிட்ட கோம்ப் கிரெனால் இந்த விவாதத்தில் ஒரு காலத்தில் பெரும்புயலைக் கிளப்பியது. 1980களில் அமெரிக்கத் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்ட் அங்கிருந்த எலும்புகளை ஆராய்ந்து, பெரிய விலங்குகளைப் பொறுத்தவரை நியாண்டர்தால் மனிதர்கள் பிற விலங்குகள் தின்று மிச்சம் வைத்ததைப் பொறுக்கியவர்களே என்று வாதிட்டார். இறைச்சி மிகுந்த கால் எலும்புகள் குறைவாகவும், இறைச்சி இல்லாத தலையும் பாதமும் மிகுதியாகவும் இருக்கும் குகைகள் இந்த வாதத்துக்கு வலுச் சேர்த்தன. ஆனால் பழைய அகழாய்வுகள் பலவற்றில், எந்த விலங்குடையது என்று எளிதாகச் சொல்ல முடியாத தண்டுச் சில்லுகளைப் பயனற்றவை என்று தூக்கி எறிந்துவிட்டார்கள்; அல்லது எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டார்கள். ஈரானின் ஜாக்ரோஸ் மலைத்தொடரில் உள்ள கோபே குகையின் எலும்புகளை கர்ட்டிஸ் மரியனும் அவருடன் பணியாற்றியவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், சில்லுகளையும் பொறுமையாக ஒன்றுசேர்த்து எண்ணியபோது, இறைச்சி மிகுந்த கால்கள் வேண்டிய அளவு குகைக்கு வந்திருப்பது தெரிந்தது. வெட்டுத்தடங்களும் அந்தத் தண்டுகளில்தான் இருந்தன. குறைபாடு நியாண்டர்தால் மனிதரிடம் இல்லை, நம்முடைய சேகரிப்பில் இருந்தது. எலும்புச் சில்லைக் கழிவென்று எறிந்த ஒரே பழக்கம் ஒரு மனித இனத்தின் பெயரையே பல ஆண்டுகள் கெடுத்து வைத்திருந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஆந்தைப்பொந்து எழுதிய பதில்:

மண்ணடுக்கு முதல் ஐயத்தை விரிவாகத் தெளிவுபடுத்திவிட்டார். இரண்டாவதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது குகை எலும்புக்குப் பொருந்தாது. அங்கே சோற்றைப் பொறுக்கிப் போட்டவர் ஒருவர் இருக்கிறார். வேட்டைக்காரனின் கை வடிகட்டியதை நேரடியாகக் காலநிலையாக வாசிப்பது தவறு என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதனால்தான் காலநிலையைப் பெரிய விலங்குகளிடம் மட்டும் கேட்பதில்லை. மனிதன் ஏறெடுத்தும் பாராத சின்னஞ்சிறு உயிர்களிடமும் கேட்கிறோம். குகையின் மேல்விளிம்பில் தங்கும் ஆந்தை, சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் பிடித்த எலிகளையும் மூஞ்சூறுகளையும் முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்குகிறது. அந்த உருண்டைகள் மட்கிய பிறகு, நுண்ணிய தாடைகளும் பற்களும் அதே மண்ணடுக்கில் தங்கிவிடுகின்றன. மண்ணை மெல்லிய சல்லடையில் நீர் ஊற்றி அலசினால், அரிசியைவிடச் சிறிய கடைவாய்ப் பற்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். கழுத்துப்பட்டை லெம்மிங் என்ற கொறிவிலங்கு இன்று வடதுருவத்தை ஒட்டிய தூந்திர நிலத்தில் வாழ்கிறது. அதன் பல் பிரான்சின் ஓர் அடுக்கில் கிடைத்தால், அந்த அடுக்கு படிந்த காலம் எவ்வளவு குளிர்ந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மரவெலியின் பல் கிடைத்தால் அருகில் மரங்கள் இருந்திருக்கின்றன. ஆந்தையும் தனக்குப் பிடித்த இரையைத் தேர்ந்தெடுக்கும் என்று நீங்கள் மறுப்புச் சொல்லலாம். உண்மைதான், அதனால் எந்த வகை ஆந்தை என்பதையும் பற்களின் அரிப்பைக் கொண்டு கணிக்கிறார்கள். ஆனாலும் ஆந்தையின் விருப்பத்துக்கும் மனிதனின் விருப்பத்துக்கும் தொடர்பில்லை. இரண்டு தனித்தனிச் சாட்சிகள் ஒரே திசையைக் காட்டினால் அந்தத் திசையை நம்பலாம்.

இன்னொரு வழி, வேட்டையாடப்பட்ட விலங்கின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை ஐசோடோப்புகள் என்கிறோம். மான் குடித்த நீரிலுள்ள ஆக்சிஜனின் கனமான ஐசோடோப்புக்கும் இலேசான ஐசோடோப்புக்கும் இடையிலான விகிதம், ஐரோப்பா போன்ற பகுதிகளில் வெயில் காலத்தில் ஏறியும் குளிர்காலத்தில் இறங்கியும் வருகிறது. பல் எனாமல் உச்சியிலிருந்து வேர் நோக்கிப் படிப்படியாக வளர்வதால், அந்த ஏற்ற இறக்கம் பல்லின் உயரத்தில் அலை அலையாகப் பதிந்துவிடுகிறது. பல்லின் பக்கவாட்டில் சிறு சிறு இடைவெளியில் துரப்பணத்தால் தூள் எடுத்து அளந்தால், அந்த விலங்கு கண்ட கோடையும் குளிரும் ஒரு வளைகோடாக வரும். குதிரையை விரும்பி அடித்திருந்தாலும் மானை விரும்பி அடித்திருந்தாலும், அது குடித்த நீர் அது வாழ்ந்த நிலத்து நீர்தான். வேட்டைக்காரனின் தேர்வு அதை மாற்ற முடியாது. உங்கள் கேள்வியின் முடிச்சு அவிழும் இடம் இதுவே என்று நினைக்கிறேன்: எந்த விலங்கு என்பது தேர்வால் கலங்கலாம், அந்த விலங்கின் பல்லுக்குள் இருப்பது கலங்காது.

ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்புகள் இதற்கு ஒரு படி மேல். அவை பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து பல்லுக்கும் வருகின்றன. விலங்கு ஒரு வகைப் பாறை நிலத்திலிருந்து வேறு வகை நிலத்துக்கு இடம்பெயர்ந்தால் பல்லில் மாற்றம் தெரியும். பிரான்சின் ஜோன்சாக் என்ற இடத்தில் நியாண்டர்தால் மனிதர் கொன்ற பனிமான்களின் பற்களில் இந்த மாற்றம் தெரிந்தது. அதே இடத்துப் பைசன் என்னும் காட்டுமாட்டின் பல்லில் தெரியவில்லை. பனிமான் ஆண்டுதோறும் வலசை போய்க்கொண்டிருந்தது, வேட்டைக்காரர்கள் அதன் வழியில் காத்திருந்து அடித்திருக்கக்கூடும் என்று இதிலிருந்து ஊகிக்கிறார்கள். காலநிலைக்கென்று எடுத்த பல், நடத்தையையும் சொல்லத் தொடங்கிவிட்டது பாருங்கள்.

மனிதனே இல்லாத இடத்து எலும்பையும் சொல்லியாக வேண்டும். லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் 1950களில் கட்டடங்களுக்காகத் தோண்டியபோது நீர்யானையும், நேர்த்தந்த யானையும், சிங்கமும் வெளிப்பட்டன. அவை ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகளுக்கு முன், இரண்டு பனியூழிகளுக்கு நடுவே வந்த வெப்பமான இடைக்காலத்தைச் சேர்ந்தவை. நீர்யானை தேம்ஸ் ஆற்றில் குளிர்காலம் முழுவதும் வாழ வேண்டுமானால் ஆறு உறையாமல் இருந்திருக்க வேண்டும். அந்த உச்ச வெப்பக் காலத்தில் பிரிட்டனில் நியாண்டர்தால் மனிதர் வாழ்ந்ததற்கு உறுதியான தடயம் இதுவரை கிடைக்கவில்லை. விலங்குகள் வந்து சேர்ந்த நிலத்துக்கு அவர்கள் வராமல் போனார்கள் என்றால், இதமான வானிலை மட்டும் அவர்களை இழுக்கப் போதவில்லை என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

பனிக்காலம் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பல்லுக்குள் இருப்பது தேர்வால் கலங்காது என்ற ஒரு வரியில் என் குழப்பத்தின் பாதி தீர்ந்தது. மறுபாதி இன்னும் நிற்கிறது. காலநிலையை வேறு சாட்சிகளிடமிருந்து தனியாகப் பெற்றுவிட்டால், அதன் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது வேட்டைக்காரர் உண்மையிலேயே தேர்ந்தெடுத்தார் என்று காட்டும் இடங்கள் இருக்கின்றனவா? கிடைத்ததைத் தின்றார் என்பதற்கும் திட்டமிட்டுத் தேர்ந்தார் என்பதற்கும் எலும்பில் என்ன வேறுபாடு தெரியும்?

மான்கொம்பு எழுதிய பதில்:

இருக்கின்றன. வேறுபாட்டைக் காட்டுவது பெரும்பாலும் விலங்கின் வயதும் பாலும் அது இறந்த பருவமும்தான். ஓநாய்க் கூட்டம் மந்தையைத் துரத்தினால் குட்டியும் கிழமும்தான் பெரிதும் சிக்கும். வலுவான நடுவயது விலங்குகளே குவிந்து கிடந்தால், அங்கே வேறொரு மூளை வேலை செய்திருக்கிறது.

ஜெர்மனியின் சால்ஸ்கிட்டர்-லெபன்ஸ்டெட் இதற்கு நல்ல சான்று. கடைசிப் பனியூழியைச் சேர்ந்த அந்த இடத்தில் கிடந்தவை பெரும்பாலும் பனிமான் எலும்புகள். பற்களின் வளர்ச்சியையும் கொம்புகளையும் வைத்துப் பார்த்தபோது அவை இலையுதிர் காலத்தில் கொல்லப்பட்டவை என்று தெரிந்தது. ஆண் பனிமான் இனச்சேர்க்கைப் போட்டிக்கு முன் உடலில் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும் பருவம் அது. மஜ்ஜைக்காக உடைக்கப்பட்டவை வளர்ந்த மான்களின் எலும்புகளே. இளமான்களின் எலும்புகளும் மஜ்ஜை குறைந்த எலும்புகளும் உடைக்கப்படாமல் விடப்பட்டன. கையில் கிடைத்ததையெல்லாம் உடைத்துத் தின்னும் பசி அங்கே இல்லை. எதில் எவ்வளவு கொழுப்பு இருக்கும் என்று தெரிந்தவர்கள் ஆற அமர வேலை செய்திருக்கிறார்கள்.

கொழுப்பை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொழுப்பற்ற இறைச்சியை மட்டுமே உண்டு மனித உடல் நெடுநாள் தாங்காது. புரதத்தைக் கையாளக் கல்லீரலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. குளிர்நிலத்தில் மாவுச்சத்து அரிதான மாதங்களில் கொழுப்பே உயிர். ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அருகில் உள்ள நாய்மார்க்-நோர்ட் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், பழைய ஏரிக்கரைகளிலிருந்து கிடைத்த எலும்புகள் இதைத் துல்லியமாகக் காட்டுகின்றன. அங்கே ஓரிடத்தில் குறைந்தது 172 பெரிய விலங்குகளின் எலும்புகளைக் கொண்டுவந்து, பல்லாயிரம் சில்லுகளாக நொறுக்கி, நீரில் சூடாக்கி, பஞ்சுப்பகுதிக்குள் இருக்கும் கொழுப்பை உருக்கி எடுத்திருக்கிறார்கள் என்று 2025இல் வெளியான ஆய்வு சொல்கிறது. காலம் ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகளுக்கு முன். அதாவது, ஆந்தைப்பொந்து குறிப்பிட்ட அதே வெப்பமான இடைக்காலம்.

அதே நாய்மார்க்-நோர்ட்டில் நேர்த்தந்த யானைகளும் கிடைத்தன. எழுபதுக்கும் மேற்பட்ட யானைகளின் எலும்புகளை சபீனே கவுட்சின்ஸ்கி-வின்ட்ஹாய்சரும் குழுவினரும் ஒவ்வொன்றாகப் பார்த்து, 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பான்மை வளர்ந்த ஆண் யானைகள். வளர்ந்த ஆண் கூட்டத்தை விட்டுத் தனியே திரியும். பெண் யானைகளைப் போல மற்றவை சூழ்ந்து காப்பதில்லை. ஆகவே உருவில் பெரியதாக இருந்தும் வேட்டைக்கு எளிதானது அதுவே. வெட்டுத்தடங்கள் உடல் முழுவதும் இருந்தன. பாதத்தின் அடியிலுள்ள கொழுப்புத் திண்டைக்கூட அறுத்தெடுத்திருந்தார்கள். ஊனுண்ணிகளின் பல்தடமோ மிகக் குறைவு. வேறு விலங்குக்கு மிஞ்சும் அளவுக்கு எதையும் விட்டுவைக்கவில்லை என்பது அதன் பொருள். பத்து டன் எடையுள்ள ஒரு யானையை அறுத்துப் பதப்படுத்த 25 பேருக்கு மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும் என்றும், கிடைத்த உணவு அந்த 25 பேருக்கு மூன்று மாதங்கள் வரை போதும் என்றும் கணக்கிட்டார்கள். இங்கேதான் எலும்பு சமூகத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. அத்தனை இறைச்சியையும் கெடாமல் வைக்கும் வழி அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அல்லது நாம் நினைப்பதைவிடப் பெரிய கூட்டங்கள் ஓரிடத்தில் கூடியிருக்க வேண்டும். இரண்டில் எது உண்மையானாலும் பத்துப் பதினைந்து பேராக அலைந்தவர்கள் என்ற பழைய சித்திரம் மாறுகிறது.

தேர்வு உணவோடு நிற்கவில்லை. தென்மேற்குப் பிரான்சின் பெஷ்-டெ-லாசே, அப்ரி பெய்ரோனி ஆகிய இரண்டு இடங்களில், தோலைத் தேய்த்து மிருதுவாக்கப் பயன்பட்ட எலும்புக் கருவிகள் கிடைத்ததாக 2013இல் அறிவித்தார்கள். விரல் நீளத்துக்கும் குறைவான, முனை வழுவழுப்பான விலாத் துண்டுகள் அவை. அந்த அடுக்குகளில் மான் வகையின் எலும்புகளே மிகுதி என்பதால் கருவியும் மான் விலாவால் ஆனதாகவே இருக்கும் என்று எண்ணினார்கள். பிற்பாடு, கருவிக்குச் சேதம் இல்லாமல், அது வைக்கப்பட்டிருந்த நெகிழிப் பெட்டியில் ஒட்டியிருந்த நுண்துகளிலிருந்தே கொலாஜன் புரதத்தைப் பிரித்துச் சோதித்தபோது, அவை பைசன் அல்லது ஆரோக்ஸ் என்னும் காட்டெருதின் விலாக்கள் என்று 2020இல் தெரிய வந்தது. சுற்றிலும் மான் எலும்பு குவிந்து கிடக்க, அகலமும் உறுதியும் கூடிய மாட்டு விலாவைத் தேடி எடுத்திருக்கிறார்கள். கிடைத்ததற்கும் தேர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்தவரை இல்லை.

மண்ணடுக்கு மீண்டும் எழுதியது:

மான்கொம்பு சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. ஆனால் நடத்தையைப் பற்றிய ஆர்வம் மிகும்போது நாம் வழுக்கி விழுந்த இடங்களும் உண்டு; அவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் நல்ல சான்றின் மதிப்பு விளங்கும்.

சுவிட்சர்லாந்தின் டிராகன்லோக் குகையில் 1917 முதல் 1923 வரை அகழ்ந்த எமில் பேக்லர், கற்பெட்டிக்குள் அடுக்கி வைத்ததைப் போன்ற குகைக்கரடி மண்டையோடுகளைக் கண்டு, நியாண்டர்தால் மனிதர்கள் கரடியை வழிபட்டார்கள் என்று எழுதினார். பல பத்தாண்டுகள் அந்தக் கருத்து நூல்களில் உலவியது. குளிர்கால உறக்கத்தில் கரடிகள் தலைமுறை தலைமுறையாகக் குகைக்குள் இறந்திருக்கின்றன; கூரையிலிருந்து கற்பலகைகள் விழுந்திருக்கின்றன; பின்னால் வந்த கரடிகள் பழைய எலும்பைச் சுவரோரம் தள்ளியிருக்கின்றன. மனிதக் கை பட்டதற்கு எலும்பில் தடம் இல்லாதபோது வழிபாட்டைப் பேசுவது முழங்காலுக்கும் மொட்டைத்தலைக்கும் முடிச்சுப் போடுவதாகிவிடும். ஸ்லோவேனியாவின் திவ்யே பாபே குகையில் 1995இல் கிடைத்த, துளைகள் கொண்ட இளங்கரடித் தொடையெலும்பைப் புல்லாங்குழல் என்று அகழ்ந்தவர்கள் சொல்கிறார்கள். துளைகள் ஊனுண்ணியின் பல்லால் ஆனவை என்று மற்றவர்கள் மறுக்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

குரோவேஷியாவின் கிராபினா இதற்கு நேர்மாறு. 1899 முதல் 1905 வரை அங்கே அகழ்ந்தெடுத்த பொருட்கள் அருங்காட்சியகத்தில் இருந்தன. நூறாண்டுக்கும் மேல் கழித்து அவற்றை மீண்டும் பார்த்தபோது, வெண்வால் கழுகின் எட்டு நகங்களில் ஒன்றோடொன்று உராய்ந்து பளபளத்த பரப்புகளும், அவற்றுள் நான்கில் வெட்டுத்தடங்களும் தெரிந்தன. காலம் ஏறத்தாழ 1,30,000 ஆண்டுகளுக்கு முன். கழுகின் நகத்தில் தின்பதற்கு எதுவும் இல்லை. கோத்து அணிந்திருக்க வேண்டும் என்று 2015இல் வெளியிட்டவர்கள் கருதினார்கள். தடம் எலும்பிலேயே இருப்பதால் நான் இதை ஏற்கிறேன்.

ஆந்தைப்பொந்து எழுதியது:

கடைசியாக ஒன்று. கேள்வியைத் தொடங்கியவர் கேட்ட காலநிலையும் நடத்தையும் ஒரே மண்ணடுக்கில் நேருக்கு நேர் மோதும் இடம் ஒன்று இருப்பதால் எழுதுகிறேன்.

தென்கிழக்குப் பிரான்சில் ரோன் ஆற்றை ஒட்டிய மூலா-கெர்சி குகையில், குறைந்தது ஆறு நியாண்டர்தால் மனிதர்களின் எலும்புகள் செம்மான் எலும்புகளோடு கலந்து கிடந்தன. இரண்டிலும் ஒரே வகை வெட்டுத்தடங்கள், ஒரே வகை மஜ்ஜை உடைப்பு. மான் எலும்பு அங்கே இல்லாதிருந்தால் அதைச் சடங்கு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பக்கத்தில் கிடந்த மான்தான், மனிதரையும் உணவாகவே அறுத்தார்கள் என்பதைக் காட்டிக்கொடுத்தது. 1999இல் இதை வெளியிட்ட அல்பான் டெஃப்ளூர், இருபது ஆண்டுகள் கழித்து வேறொருவருடன் சேர்ந்து ஒரு காரணமும் முன்வைத்தார். கடைசி வெப்ப இடைக்காலத்தில் குளிர்ந்த புல்வெளி விரைவாகக் காடாக மாறியபோது மந்தை விலங்குகள் குறைந்து, பசி அவர்களை அங்கே தள்ளியிருக்கும் என்றார்கள். அந்த அடுக்கின் விலங்குகளே சூழல் மாறியதற்கு அவர்கள் காட்டிய சான்று.

நான் இதை முழுமையாக ஏற்கத் தயங்குகிறேன். பெல்ஜியத்தின் கோயே குகையிலும் நியாண்டர்தால் எலும்புகள் அதே முறையில் அறுக்கவும் உடைக்கவும் பட்டிருக்கின்றன. சிலவற்றைக் கற்கருவியின் விளிம்பைச் சீராக்கவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவற்றின் வயது ஏறத்தாழ 40,500 முதல் 45,500 ஆண்டுகள். காடு பரவிய காலம் அன்று, குளிர்ந்த காலம். அங்கே குதிரை எலும்புக்கும் பனிமான் எலும்புக்கும் குறைவே இல்லை, அவையும் அதே கைகளால் அறுக்கப்பட்டவை.